ஜேஜேயின் முழங்கால் யாருடையது?

'காயம் காரணமாக.' நம் விளையாட்டுச் செய்திகளில் இதைவிடச் சோம்பேறித்தனமான சொற்றொடர் கிடையாது. மழை காரணமாக ஆட்டம் ரத்து. மின்தடை காரணமாகத் தாமதம். காயம் காரணமாக ஓய்வு. மழையை யாரும் பெய்யவைக்கவில்லை, சரி. மின்தடைக்காவது ஈ.பி. ஆபீசுக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்கலாம். காயத்துக்கு யாரைக் கேட்பது? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. எதையும் செய்தவர் இல்லை, செய்யாமல் விட்டவரும் இல்லை. ஒரு முழங்கால் இருந்தது, அது ஒருநாள் தானாகவே போய்விட்டது, அவ்வளவுதான்.

ஜேஜே லால்பெக்லுவா 2023இல் கால்பந்தை விட்டார். வயது 32. அதே வருஷம் டிசம்பரில் மிசோரம் சட்டசபைத் தேர்தல் முடிவு வந்தபோது தெற்கு துய்பூய் தொகுதியில் அப்போதைய சுகாதார அமைச்சரை 135 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்து எம்.எல்.ஏ. ஆகியிருந்தார். ஊடகங்களுக்குக் கொண்டாட்டம். களத்தில் கோல் அடித்தவர் அரசியலிலும் கோல் அடித்தார் என்கிற தலைப்பை எத்தனை பேர் போட்டார்கள் என்று எண்ணவே முடியாது. செய்தியின் நடுவில் எங்கோ ஒரு வரி: காயங்கள் காரணமாக அவரது விளையாட்டு வாழ்க்கை சுருங்கியது. அப்புறம் அடுத்த பத்தி.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சென்னையின் எஃப்சி பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஜேஜே யார் என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: 2014இல் ஐஎஸ்எல் தொடங்கியபோதே சென்னை அணிக்கு வந்தவர். 2015இல் கோப்பை, அந்தத் தொடரில் ஆறு கோல், வளரும் வீரர் விருது. 2017-18இல் மறுபடியும் கோப்பை, ஒன்பது கோல். இந்தியாவுக்காக 56 ஆட்டங்களில் 23 கோல். வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர்களை நம்பி ஓடிய ஒரு லீக்கில், எதிரணி பயந்த இந்திய முன்கள வீரர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒருவர்.

2018 மார்ச் 13, நேரு ஸ்டேடியம். கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். சென்னை 3-0. ஜேஜே இரண்டு, சென்னைப் பையன் தன்பால் கணேஷ் ஒன்று. நாலு நாள் கழித்து பெங்களூருவில் அவர்கள் கோப்பையை வாங்கினார்கள். அந்த இரவில் கோல் அடித்த இரண்டு இந்தியர்களுக்கும் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? கணேஷ் அடுத்த சீசனின் பெரும்பகுதியை முழங்காலுக்குக் கொடுத்தார். ஜேஜே அடுத்த ஐஎஸ்எல்லில் ஒரே ஒரு கோல் அடித்தார். சாம்பியன் அணி கடைசி இடத்தில் முடிந்தது. 2019 ஜனவரி 6இல் ஆசியக் கோப்பையில் தாய்லாந்துக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி நான்காவது கோலை அடித்தார். அப்புறம் அறுவை சிகிச்சை. 2019-20 சீசன் முழுக்க ஒரு நிமிஷம்கூட ஆடவில்லை. அவர் இல்லாமலேயே சென்னை இறுதிப்போட்டிவரை போய், கொரோனாவுக்காகக் காலியாக வைத்த மைதானத்தில் தோற்றது. 2020இல் ஈஸ்ட் பெங்கால், சில ஆட்டங்கள். அதோடு சரி. உச்சத்தில் இருந்து காணாமல் போனதுவரை மூன்று வருஷம்கூட இல்லை.

இப்போது நாட்காட்டியை எடுங்கள். இதை யாரும் எடுப்பதில்லை என்பதுதான் என் முதல் கோபம்.

2015 டிசம்பர் 20, ஐஎஸ்எல் இறுதிப்போட்டி, கோவா. டிசம்பர் 23, தெற்காசியக் கோப்பை திருவனந்தபுரத்தில் தொடக்கம். மூன்றே நாள். 2016 ஜனவரி 3, அதன் இறுதிப்போட்டி, ஆப்கானிஸ்தானுக்கு எதிராக. இந்தியா பின்தங்கியிருந்தபோது சமன் செய்த கோல் ஜேஜேயுடையது. கூடுதல் நேரம்வரை போன ஆட்டம். ஜனவரி 9, ஐ-லீக் தொடக்கம். ஜேஜே அப்போது மோகன் பகான் வீரரும்கூட. ஆமாம், அந்தக் காலத்தில் ஒரு வீரருக்கு வருஷத்துக்கு இரண்டு கிளப். அக்டோபர் முதல் டிசம்பர்வரை ஒரு முதலாளி, ஜனவரி முதல் மே வரை இன்னொரு முதலாளி, இடையில் கிடைக்கிற சந்தில் தேசிய அணி. மே 21 ஃபெடரேஷன் கோப்பை இறுதி, ஜேஜே கோல். ஜூன் 2 லாவோஸ் தலைநகரில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று, ஜேஜே கோல். ஜூன் 7 குவாஹாட்டியில் மறு ஆட்டம், மறுபடி ஜேஜே.

நாமெல்லாம் அப்போது என்ன சொன்னோம்? 'ஃபார்ம்ல இருக்கான்.' இரண்டு கிளப், ஒரு நாடு, ஒரு ஜோடி முழங்கால். இரண்டு கிளப்பின் மருத்துவக் குழுவும் தேசிய அணியின் ஃபிசியோவும் ஒரே தாளைப் பகிர்ந்துகொண்டார்களா? இந்த வாரம் இவன் எத்தனை நிமிஷம் ஓடினான், எத்தனை முறை முழு வேகத்தில் திரும்பினான் என்பது ஒரே இடத்தில் எழுதப்பட்டதா? அந்த நாட்காட்டிதான் அவர் முழங்காலை முடித்தது என்று நிரூபிக்கிற தரவு எதுவும் பொதுவெளியில் இல்லை. அதுதான் புகாரே. நிரூபிக்கவோ மறுக்கவோ முடியாதபடி வைத்துவிட்டு, 'காயம் காரணமாக' என்று எழுதிவிட்டால் எல்லோரும் தப்பித்துக்கொள்ளலாம்.

நான் வேலை பார்க்கிற தொழிலில் ஒரு சர்வர் நாற்பது நிமிஷம் விழுந்தால் மறுநாள் காலையில் போஸ்ட்மார்ட்டம் எழுதியாக வேண்டும். எப்போது தெரிந்தது, அதற்கு முன்னால் என்ன அறிகுறி, யாருக்கு அலர்ட் போனது, அது ஏன் மியூட்டில் இருந்தது. நாற்பது நிமிஷம் யாரோ ஒருவர் செருப்பு ஆர்டர் பண்ண முடியாமல் போனதற்கு ஏழு பக்க அறிக்கை. நாட்டின் முதல்தர ஸ்ட்ரைக்கர் ஒருவரின் கால் மூன்று வருஷத்தில் போனதற்கு ஒரு ட்வீட், அதில் ஒரு இதய எமோஜி.

ஐரோப்பாவில் இது நடக்கிறது. உயேஃபா 2001இலிருந்து முன்னணி கிளப்களின் காயங்களை ஆய்வுக்காகச் சேகரிக்கிறது. ஸ்வீடன் மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்ட் தலைமையில் நடக்கும் வேலை. வீரரின் பெயர் வெளியே வராது, கணக்கு மட்டும் வரும். 25 பேர் கொண்ட அணியில் ஒரு சீசனுக்கு ஏறத்தாழ 50 காயங்கள் வரும் என்பது அதில் கிடைத்த கணக்கு. ஆட்ட நேரத்தில் காயப்படும் விகிதம் பயிற்சியைவிட ஆறு மடங்குக்கும் மேல். அதே ஆய்வுக் குழு இன்னொன்றும் கண்டது. தலைமைப் பயிற்சியாளரும் மருத்துவக் குழுவும் ஒழுங்காகப் பேசிக்கொள்ளாத அணிகளில் காயச் சுமை அதிகம். இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். ஜவ்வு கிழிவதற்கும் இரண்டு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து பேசுவதற்கும் தொடர்பு இருக்கிறது. இதற்கப்புறமும் விதி, ராசி, கண்ணூறு என்று சொல்வீர்களா?

அடுத்து ரசிகர்களிடம் வருகிறேன். நம்மிடம்தான்.

2018-19இல் சமூக ஊடகங்களில் ஜேஜேயை என்ன பாடு படுத்தினோம். 'காசு வந்ததும் கால் நின்னுபோச்சு', 'வெயிட் போட்டுட்டான்', 'மனசு இங்க இல்ல'. ஒரு முன்கள வீரன் அரை நொடி தாமதமாகத் திரும்புகிறான் என்றால் முழங்காலில் ஏதோ சரியில்லை என்று யோசிக்கிற பழக்கம் நமக்கு இல்லை. குணம் சரியில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஒருவன் உடம்பின் தளர்ச்சியை உடனே அவன் நடத்தைச் சான்றிதழாக மாற்றிவிடுவோம். அப்புறம் அறுவை சிகிச்சைச் செய்தி வந்ததும் அதே ஆட்கள் 'லெஜண்ட்' என்று ஸ்டேட்டஸ் போட்டார்கள். முன்னால் சொன்னதை யாரும் அழிக்கக்கூட இல்லை.

இதன் மறுபக்கம் சுனில் சேத்ரி. 2024 ஜூன் 6, கொல்கத்தா சால்ட் லேக், குவைத்துக்கு எதிராக 0-0. 39 வயதில், 94 கோல்களோடு விடைபெற்றார். மறுவருஷம் மார்ச்சில் திரும்பியும் வந்தார். அந்த ஓய்வின்போது வந்த கட்டுரைகளில் பாதி அவருடைய சாப்பாட்டுத் தட்டைப் பற்றியவை. எண்ணெய் கிடையாது, இனிப்பு கிடையாது, சரியான நேரத்தில் தூக்கம். எனக்கு சேத்ரி மேல் அளவில்லாத மரியாதை உண்டு. ஆனால் 'ஒழுக்கமாக இருந்தார், நீடித்தார்' என்று சொல்லும்போதே சொல்லாமல் சொல்கிற ஒன்று இருக்கிறது: நீடிக்காதவன் ஒழுக்கமாக இல்லை. பிழைத்தவர்களை மட்டும் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தால் இந்த முடிவுதான் வரும். அதே சுத்தமான சாப்பாடு சாப்பிட்டு, அதே நேரத்தில் தூங்கி, 23 வயதில் ஒரு தப்பான டேக்கிளில் முடிந்துபோனவனை யார் பேட்டி எடுக்கிறார்கள்?

வலியோடு ஆடுவதைப் புகழ்கிற பழக்கம் இன்னும் மோசம். பிரேசில் ரொனால்டோவை நினைத்துப் பாருங்கள். 1999 நவம்பர் 21, இண்டர் மிலனுக்காக ஆடும்போது வலது முழங்கால் தசைநாண் பாதி அறுந்தது. 2000 ஏப்ரல் 12, இத்தாலியக் கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்தில் மாற்று வீரராக இறக்கினார்கள். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. களத்தில் இருந்தது ஏழு நிமிஷம் இருக்கும். யாரும் தொடவில்லை. பந்தோடு காலைச் சுழற்றினார், முழங்கால் சில்லு இடம்விட்டு ஏறியது. அந்த வீடியோவை இன்னும் 'மிகச் சோகமான தருணங்கள்' என்று பியானோ இசை போட்டுப் பகிர்கிறார்கள். அன்றைக்கு அவரை பெஞ்சில் உட்காரவைக்க முடிவெடுத்தவர்களை யாரும் பியானோ போட்டுக் காட்டுவதில்லை. 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல் அடித்து அவர் திரும்பிவந்துவிட்டதால் நமக்கு அது ஒரு வெற்றிக் கதை. 2011 பிப்ரவரி 14இல் அழுதுகொண்டே ஓய்வை அறிவித்தபோது தன் உடம்பிடம் தோற்றுப்போனதாகச் சொன்னார். உடம்பு எதிராளியாம். அந்த உடம்பை அவசரப்படுத்தியவர்கள் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் மறைந்துகொண்டார்கள்.

ஜவ்வு விஷயத்தில் அவசரத்தின் விலை இன்று கணக்காகவே தெரியும். முன்புறச் சிலுவைத் தசைநார் அறுவை சிகிச்சை செய்தவர்களை வைத்து நார்வே ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டது: திரும்பி ஆடுவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும், ஒன்பதாவது மாதம்வரை, மறுகாயத்தின் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஒரு மாதத்துக்குப் பாதி. இவ்வளவு மலிவான மருந்து மருத்துவத்தில் அதிகம் கிடையாது. ஆனால் பொறுமைக்கு யாராவது சம்பளம் கொடுக்க வேண்டும் இல்லையா?

எங்கள் புதுப்பட்டினம் பக்கம் வாருங்கள். கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், அப்படியே ஈசிஆரில் மாமல்லபுரம்வரை, பொங்கல் வந்தால் குப்பத்துக்குக் குப்பம் டோர்னமெண்ட். மணலில் ஆடிப் பழகிய கால்கள்; திடீரென்று இறுகிப்போன செம்மண் கிரவுண்டில் ஸ்டட்ஸ் போட்டு இறங்கும்போது கால் பதிந்து நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும். அப்போது ஒரு சத்தம் வரும். 'டப்'னு கேட்டுச்சுண்ணா என்பான். பக்கத்தில் நின்றவனுக்கே கேட்கும். உடனே ஐஸ், ஸ்ப்ரே, கிரேப் பேண்டேஜ். மறுநாள் புத்தூர் கட்டு. எலும்பு முறிவுக்கு அந்தக் கட்டின் மேல் எங்கள் ஜனங்களுக்கு நம்பிக்கை அதிகம், அதைக் கிண்டல் பண்ண நான் வரவில்லை. ஆனால் கிழிந்த ஜவ்வை மூங்கில் பத்தை வைத்துக் கட்டினால் வீக்கம்தான் வடியும். வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று அடுத்த மாதம் இறங்குவான். இந்த முறை ஜவ்வோடு குருத்தெலும்பும் போகும்.

எங்கள் பக்கத்துப் பையன் ஒருத்தனுக்கு இது இரண்டு முறை நடந்தது. இடது விங். அவன் ஓடினால் கடல்காற்று பின்னால் வரும் என்று பெரிசுகள் சொல்வார்கள். இரண்டாவது முறை ஸ்கேன் எடுத்து டாக்டர் ஆபரேஷன் என்றபோது, அவனை ஊர் ஊராகக் கூட்டிப்போய் ஆடவைத்த டீம்காரர்கள் யாருடைய போனும் எடுபடவில்லை. காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறான் இப்போது. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறான். வயது 26. 'விடுண்ணா, நம்ம ராசி அவ்ளோதான்' என்கிறான். ராசி! டோர்னமெண்ட் பேனரில் இருபது ஸ்பான்சர் முகம் இருந்தது. கப் ஆறடி. பிசியோவுக்கும் ஆம்புலன்சுக்கும் மட்டும் பணமில்லை, ராசி இருந்தது.

இதே கடற்கரையில், பஸ் ஏறினால் அரைமணி தூரத்தில், மாமல்லபுரத்தில் எஃப்சி மெட்ராஸ் உறைவிட அகாடமி நிற்கிறது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கியது. பிள்ளைகளுக்குப் புல்தரை, பயிற்சியாளர், படிப்பு எல்லாம் கிடைக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை, நல்ல காரியம். மென்பொருள் பணம் கால்பந்துக்கு வருகிறதே என்று சந்தோஷம்தான். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நவீன கால்பந்து, இந்தப் பக்கம் ராசி என்று இருப்பதைத்தான் சொல்கிறேன்.

வி.பி.சத்யனைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. கண்ணூர்க்காரர், ஆனால் சென்னையின் மனிதர். கேரள போலீஸ் அணியோடு 1990, 91 ஃபெடரேஷன் கோப்பைகளை வென்றவர், பிறகு இந்தியன் வங்கி. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டி இதே மெட்ராஸில் நடந்தபோது கால்பந்தில் தங்கம் வென்ற இந்திய அணியின் கேப்டன். ஆடிய காலத்தில் வாங்கிய கால் காயங்களின் வலி ஆட்டம் நின்ற பிறகும் அவரை விடவில்லை. 2006 ஜூலை 18, பல்லாவரத்தில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 41. ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது அயோக்கியத்தனம், அதைச் செய்யமாட்டேன். ஆனால் இதைக் கேட்கலாம்: தாம்பரம் போகிற மின்சார ரயிலில் தினமும் பல்லாவரத்தைக் கடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? 2018இல் மலையாளத்தில் ஜெயசூர்யா நடித்து 'கேப்டன்' என்ற படம் வந்தது. அவர் தங்கம் வென்று கொடுத்த ஊரில் நாம் என்ன செய்தோம்?

அதே 2006இல்தான் இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கம் ஆரம்பிக்கப்பட்டது, முதல் தலைவர் பாய்ச்சுங் பூட்டியா. அவருடைய கடைசிப் பெரிய போட்டியையும் காயம்தான் தின்றது. 27 வருஷம் கழித்து இந்தியா ஆடிய 2011 ஆசியக் கோப்பையில் கெண்டைக்கால் காயத்தோடு காத்திருந்து, தென்கொரியாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் மட்டும் மாற்று வீரராக இறங்கினார். அதே ஆகஸ்டில் சர்வதேச ஓய்வு. மறுவருஷம் பயர்ன் மியூனிக்கை வரவழைத்து டெல்லியில் வழியனுப்பு விழா, 0-4. விழா எடுக்க நமக்கு எப்போதும் ஆள் இருக்கிறது.

பணத்தைப் பேசுவோம். தேசிய அணிக்காக ஆடும்போது வீரர் காயப்பட்டு 28 நாளுக்கு மேல் ஆடமுடியாமல் போனால் ஃபிஃபாவின் காப்பீட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 20,548 யூரோ, ஒரு வருஷம்வரை, மொத்தம் 75 லட்சம் யூரோ. நல்ல திட்டம். பணம் யாருக்குப் போகிறது? கிளப்புக்கு. திட்டத்தின் பெயரிலேயே 'கிளப் பாதுகாப்பு' என்றுதான் இருக்கிறது. வீரர் ஆடாத நாட்களுக்குக் கொடுத்த சம்பளத்தை ஈடுகட்ட. நம் ஊரில் லாரிக்கு இன்ஷூரன்ஸ் போடுகிற மாதிரி. லாரி அடிபட்டால் ஓனருக்குப் பணம் வரும், யாரும் லாரிக்கு வலிக்குமா என்று கேட்கமாட்டார்கள்.

ஒப்பந்தம் இருக்கும்வரை கிளப் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். இரண்டு வருஷ ஒப்பந்தத்தின் கடைசி நான்கு மாதத்தில் ஜவ்வு கிழிந்தால்? மறுவாழ்வுப் பயிற்சிக்கே ஒன்பது மாதம். மீதி ஐந்து மாதம் யார் கணக்கு? 2025 ஆகஸ்டில் லீக்கின் எதிர்காலமே தொங்கலில் நின்றபோது பெங்களூரு எஃப்சி வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தையே காலவரையின்றி நிறுத்தியது. முழு ஆரோக்கியமாக இருப்பவனுக்கே அந்த நிலைமை என்றால், அந்த மாதம் ஊன்றுகோலோடு இருந்தவனை நினைத்துப் பாருங்கள்.

கிரிக்கெட்டோடு ஒப்பிடாதே, அங்கே காசு இருக்கிறது என்பார்கள். ஒப்பிடுவேன். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு 2021 ஏப்ரலில் முழங்கால் அறுவை சிகிச்சை. பெங்களூரு தேசிய அகாடமியில் மறுவாழ்வுப் பயிற்சி, 2022 ஐபிஎல்லில் 18 விக்கெட். காசு மட்டும் அதைச் செய்யவில்லை. இந்தக் கால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கே ஒரு முகவரி இருந்தது. கால்பந்தில் கிளப்பைக் கேட்டால் தேசிய முகாமைக் காட்டும், முகாமைக் கேட்டால் லீக்கை, லீக்கைக் கேட்டால் கூட்டமைப்பை. கூட்டமைப்பு கோர்ட்டில் இருக்கும்.

'வீரர்களே ஆடத்தானே ஆசைப்படுகிறார்கள்' என்று ஒரு பதில் வரும். ஆசைப்படுவார்கள்தான். 24 வயதில், பெஞ்சில் உட்கார்ந்தால் இடம் போய்விடும் என்று தெரிந்த ஒருவனிடம் 'முடியுமா' என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்வான். அதற்காகத்தான் அந்தக் கேள்வியை அவனிடம் கேட்காமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும், மருத்துவரின் பதிலைப் பயிற்சியாளர் மீறமுடியாதபடி விதி எழுத வேண்டும். 'வீரரின் மருத்துவ ரகசியம்' என்று இன்னொரு பதில். யாருடைய எம்ஆர்ஐ படமும் எனக்கு வேண்டாம். எந்தக் கிளப்பில் ஒரு சீசனில் எத்தனை காயம், எத்தனை நாள் இழப்பு, எத்தனை மறுகாயம், பெயர் இல்லாமல் போடுங்கள். ஐரோப்பிய கிளப்கள் இருபது வருஷத்துக்கு மேலாகக் கொடுக்கிற தகவல்தான். ஐஎஸ்எல் உரிமத்துக்கு ஸ்டேடியத்தின் விளக்கு வெளிச்சத்தை அளக்கிறீர்கள், இதையும் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பிரிவும் வேண்டும்: ஒப்பந்த காலத்தில் ஏற்பட்ட காயம் ஆறும்வரை, ஒப்பந்தம் முடிந்தாலும், சிகிச்சையும் அடிப்படைச் சம்பளமும் கிளப்பின் பொறுப்பு. இதற்குச் செலவாகும். வயதான ஐரோப்பிய ஸ்ட்ரைக்கர் ஒருவரை ஆறு மாதத்துக்குக் கூட்டிவருவதை நிறுத்தினால் அந்தச் செலவு வந்துவிடும். அப்படி ஒரு பிரிவு வந்த மறுநாளே பாருங்கள், ஒன்பது மாதம் காத்திருப்பது எவ்வளவு முக்கியம் என்று கிளப் நிர்வாகிகள் எல்லாம் நார்வே ஆய்வை மேற்கோள் காட்டுவார்கள்.

ஜேஜே இப்போது மிசோரம் சட்டசபையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தேடிப்போகிற நிருபர்கள் சாலை வசதியையும் விளையாட்டு மைதானத்தையும் பற்றிக் கேட்கிறார்கள். 2015 டிசம்பர் 20க்கும் 2016 ஜனவரி 9க்கும் நடுவில் எத்தனை நாள் தூங்கினீர்கள் என்றும் ஒருத்தர் கேட்கட்டும்.